ஒரு வெள்ளைப் பூ, இரண்டு கேள்வி

மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலையை ஓட்டி முடித்துவிட்டு, கிணற்று மேட்டில் கிடந்த வடக்கயிற்றை எடுக்கக் குனிந்தேன். குனிந்தவன் நிமிரவில்லை. யாரோ முதுகுக்குள் கையை விட்டு ஓர் எலும்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. தண்ணீர் இறைத்துக் களைத்த மாடுகள் இரண்டும் என்னைத் திரும்பிப் பார்த்தன. தம்பி ஓடிவந்து தூக்கி நிறுத்தும் வரைக்கும் நான் மண்ணைப் பார்த்தபடியே நின்றேன். ஆத்தாளை நம்புகிறவர்களே, என் கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

என் பெயர் செங்கோடன். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிணறும் கொஞ்சம் மானாவாரி நிலமுமாகப் பிழைக்கிற குடும்பம். இதைச் சொல்லச் சொன்னவர் நம் மாரியம்மன் கோயில் பூசாரி. “ஆத்தா உனக்குச் செஞ்சதை நாலு பேருக்குச் சொல்லு சாமி. தெளிவாச் சொல்லு” என்றார். சொல்கிறேன். தெளிவாகத்தான் சொல்ல வராது. மற்றவர்கள் சொல்லும்போது கேட்டிருக்கிறேன், வேண்டினார்கள், கிடைத்தது, முடிந்தது. நானும் வேண்டினேன், எனக்கும் கிடைத்தது. ஆனால் எதைக் கேட்டதற்கு எது கிடைத்தது என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம். குழப்பத்தோடு சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. எனக்கு முப்பது வயதுதான். முதலில் சுளுக்கு என்று நினைத்தோம். அதற்கு முந்தின கோடையில் கவலைக் கயிறு அறுந்து நான் விழுந்திருந்தேன், அந்த அடிதான் உள்ளே இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வந்து என்னைக் குப்புறப் படுக்க வைத்து முதுகின் மேல் ஏறி மிதித்தார். மிதித்தால் எடுத்துவிடும் என்றார். எடுக்கவில்லை. அவர் போனபிறகு நான் அழுதேன். என் மனைவி பாவாயி அதைப் பார்த்துவிட்டாள். அவள் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை.

பிறகு சாயங்காலம் ஆனால் உடம்பு சுட ஆரம்பித்தது. சோறு இறங்கவில்லை. முதுகின் நடுவில் ஒரு முண்டு எழும்பியது. ஒரு நாள் நடந்து வரும்போது செருப்பு எங்கோ கழன்று விழுந்திருந்தது, எனக்குத் தெரியவே இல்லை. தம்பி பின்னால் எடுத்துக்கொண்டு வந்து, “அண்ணா, இது உன்றதுதானே?” என்று கேட்டபோதுதான் குனிந்து பார்க்க முயன்றேன். குனியவும் முடியவில்லை. கால் என்னுடையதாகவே இல்லை.

எனக்குச் சாவதில் பயம் இல்லை. படுத்துக் கிடப்பதில்தான் பயம். எங்கள் வீட்டில் அடுப்புக்குக் குனிவது, களைக்குக் குனிவது, மாட்டுக்குக் குனிவது எல்லாம் அவள் தலையில் ஏற்கனவே இருந்தது. அதோடு நானும் ஒரு மூட்டையாக விழுந்தால் அவள் கதி என்ன? 

சேலத்தில் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். விழுந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். என் குழப்பம் அங்கேயே பிள்ளையார் சுழி போட்டுவிட்டது. நெஞ்சில் வருகிற காசம் எலும்பிலும் வருமாம். என் முதுகெலும்பை அது அரித்துக்கொண்டிருந்ததாம். ரயிலேறிப் போனால் வடக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே காலிலிருந்து எலும்பைச் சீவி எடுத்து முதுகில் பதித்துவிடுவார்கள், இரண்டும் ஒட்டிக்கொண்டால் முதுகு நிற்கும் என்று சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிழிந்த வேட்டிக்கு அதே வேட்டியில் துண்டு வெட்டி ஒட்டுப் போடுகிற கதை. ஒட்டிக்கொள்ளாவிட்டால் என்று கேட்டேன். அவர் படத்தை உறையில் போட்டார்.

ஊருக்கு வந்ததும் ஆத்தாளைக் கேட்காமல் எதுவும் இல்லை என்று முடிவு செய்தோம். நம் கோயிலில் பூக் கேட்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளைப் பூ ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்துப் பூசாரி ஆத்தாள் முன்னால் போடுவார். கேட்கிறவர் மனசுக்குள் கேட்டுக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. கேட்டது பலிக்கும் வரை கேள்வியை வெளியே சொல்லக் கூடாது.

நான் கண்ணை மூடி, “ஆத்தா, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?” என்று மனசுக்குள் கேட்டேன். கேட்டேனே தவிர எடுக்க முடியவில்லை. பொட்டலம் தரையில் கிடக்கிறது, என் முதுகு வளையவில்லை. பூசாரி பாவாயியைப் பார்த்து, “நீ எடு சாமி” என்றார். அவள் கும்பிட்டுக் குனிந்து எடுத்தாள். பிரித்தால் வெள்ளை. என் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“உத்தரவாயிடுச்சு” என்றார் பூசாரி.

“உத்தரவாயிடுச்சு” என்றேன் நான்.

பாவாயி பூவைக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். மறுநாளே ரயிலுக்குப் புறப்பட வேண்டும் என்று நான் சொன்னபோது அவள் முகம் வெளுத்தது. வழியெல்லாம் அழுதாள். ஊர் விட்டு ஊர் போகிற பயம் என்று நான் நினைத்தேன். “எதுக்கு அழுவற? ஆத்தாளே சொன்னப்பறம் என்ன பயம்?” என்று அதட்டக்கூடச் செய்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அன்றைக்குப் பிடிபடவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் வெள்ளைக்காரர். புத்தகத்தில் படித்த தமிழ் பேசுவார். மூக்கில் எதையோ வைத்து மூடி, எண்ணச் சொன்னார்கள். நான் எண்ணாமல் ஆத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். விழித்தபோது முதுகு எரிந்தது, அதைவிட எலும்பு எடுத்த கால் எரிந்தது. மார்பிலிருந்து இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. வாந்தி, தாகம், தலைசுற்றல். செத்துப் பிழைத்தேன் என்று சொல்வார்களே, அதில் செத்த பாதிதான் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

என்னைப் புரட்டிப் போட ஒரு முறை வைத்திருந்தார்கள். நர்ஸம்மாக்கள் மூன்று பேர் ஒரே பக்கம் நின்று, தோளில் ஒருத்தி, இடுப்பில் ஒருத்தி, முழங்காலில் ஒருத்தி கை கொடுத்து, ஒரே மூச்சில் கட்டையை உருட்டுவதுபோல் உருட்டுவார்கள். இடுப்பு முந்தக் கூடாது, தோள் பிந்தக் கூடாது. ஊருக்குப் போனால் செய்ய வேண்டியிருக்கும் என்று பாவாயிக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். களை பிடுங்கிய கை, சீக்கிரம் பழகிவிட்டது.

ஒரு நாள் காலையில் டாக்டர் என் கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “ஐயா, எலும்பு சேர்ந்தால் நீர் நடப்பீர். ஆனால் அவ்விடம் இனி வளையாது. வாழ்நாள் முழுதும் நீர் குனியலாகாது. தரையில் விழுந்து வணங்கலாகாது.”

பாவாயியின் கையிலிருந்த கஞ்சிச் சொம்பு நழுவிவிட்டது.

“அய்யோ, நான் என்ன பண்ணுவேன்! ஆத்தா, நான் என்ன பண்ணுவேன்!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் போனபிறகு, நான் கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

“ஏனுங்க, அன்னிக்கு நான் கேட்டது வேறயிங்க.”

“எதைக் கேட்ட?”

“ஊட்டுலயே வெச்சுப் பார்த்துக்கறேன், சரியாயிருமா ஆத்தான்னு கேட்டனுங்க. வெள்ளை வந்துச்சு. நீங்க ஆஸ்பத்திரிங்கறீங்க. ஆத்தா வேண்டான்னு சொல்லியும் போறமேன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சுங்க.”

“கேட்டவன் நானில்லையா? என்னால குனிய முடியலீன்னுதானே உன்னை எடுக்கச் சொன்னாரு!”

“எடுத்தவ நானுங்களே. எடுத்தவ கேக்க மாட்டாளா?”

 கேள்வியை வெளியே சொல்லக் கூடாது என்பதால் அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆத்தாளின் பேச்சை மீறி வந்துவிட்டோம் என்று பயந்து, ரயிலிலேயே அவள் ஒரு வேண்டுதல் வைத்திருக்கிறாள். ‘மன்னிச்சுக்க ஆத்தா. இவுரு எந்திரிச்சு நடந்தா, உன்ற கோயிலைச் சுத்தி உருண்டு வரச் சொல்றேன்.’ அவள் உருளுவதாக வேண்டியிருந்தால் பரவாயில்லை. என்னை உருட்டுவதாக வேண்டியிருக்கிறாள். குனியவே கூடாதவன் தரையில் எப்படி விழுவது, எப்படி உருள்வது?

கட்டுக்குள் நகர முடியாமல் கிடந்த எனக்கு யோசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஆத்தாள் போகச் சொன்னாளா, போகாதே என்றாளா? போகச் சொல்லியிருந்தால் பாவாயியின் பயம் வீண். போகாதே என்று சொல்லியிருந்தால் என் முதுகில் வைத்த எலும்பு என்ன ஆகும்?

பக்கத்துக் கட்டிலில் தம்மம்பட்டிக்காரர் ஒருவர் இருந்தார், பெயர் மாரிமுத்து. வண்டி ஓட்டிப் பிழைத்தவர். அவருக்கும் அதே வியாதி, அதே டாக்டர், எனக்குச் செய்த அதே வாரத்தில் அதே ஆபரேஷன். என்னைவிடப் பக்தி அதிகம். நான் வலியில் டாக்டரைத் திட்டுவேன், அவர் திட்ட மாட்டார். பொழுது விடிந்தால் அவருடைய குலசாமியைக் கூப்பிட்டுவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். என் கால்விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அசைய ஆரம்பித்தன. அவருடைய கால் அசையவில்லை. எலும்பு ஒட்டவில்லை என்று சொன்னார்கள். மகன்கள் வந்து அவரைப் பலகையில் கிடத்தித் தூக்கிப் போனார்கள்.

போகும்போது என் பக்கம் தலையைத் திருப்பினார். “நீ நடந்துடுவ, செங்கோடா. நடந்தா எனக்கும் சேர்த்து ரெண்டு அடி வை” என்றார். நான் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டேன். என்னைக் காப்பாற்றியது ஆத்தாள் என்றால் அவரை ஏன் அவருடைய சாமி விட்டது? இதைக் கேட்டால் பூசாரி கோபித்துக்கொள்வார் என்று தெரியும். இருந்தாலும் சாட்சி சொல்ல வந்த இடத்தில் மாரிமுத்துவை மறைத்தால் அது பாதிப் பொய். அவரையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஊருக்கு அனுப்புகிற அன்று டாக்டரிடம் நேராகவே கேட்டேன். “ஐயா, என்னைப் பிழைக்க வெச்சது இந்த ஆபரேசனுங்களா?”

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். “உண்மை சொல்கிறேன். சிலர் ஆபரேஷன் இல்லாமல், அசையாமல் படுத்திருந்தே குணமாகிறார்கள். சிலர் ஆபரேஷன் செய்தும் குணமாகிறதில்லை. நீர் எந்த வகை என்று நான் அறியேன். எலும்பு உமக்குத் துணை நிற்கிறது, அதை அறிவேன். மீதி, வீட்டில் நீர் படுத்திருக்கும் மாதங்களில் இருக்கிறது.”

இவ்வளவு படித்தவருக்கே தெரியவில்லையே என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் பாவாயி நிமிர்ந்து பார்த்தாள். “ஊட்டுலயா? ஊட்டுலதானுங்களா சரியாவும்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

வீட்டில் பல மாதம் கயிற்றுக் கட்டிலின் மேல் பலகை போட்டுப் படுத்திருந்தேன். கோடை வந்தது. மாவுக்கட்டுக்குள் வியர்வை ஓடி அரிக்கும். சொறிய முடியாமல் பல்லைக் கடிப்பேன். தம்பி இடுப்புக்கும் முழங்காலுக்கும், பாவாயி தோளுக்கும் நின்று என்னைப் புரட்டுவார்கள். “இடுப்பு முந்துது, இடுப்பு முந்துது” என்று தம்பியை அவள் விரட்டும்போது நர்ஸம்மாவே வந்துவிட்டதுபோல் இருக்கும். எரிச்சலில் நான் கத்தியதெல்லாம் அவள்மேல்தான். ஒரு நாள் அவள் கையை ஓங்கி, பிறகு அந்தக் கையாலேயே என் நெற்றியைத் துடைத்தாள். அந்தக் கை இல்லாவிட்டால் நான் இல்லை. இதில் மட்டும் எனக்குக் குழப்பமே கிடையாது.

கட்டைப் பிரித்து, தை மாசத்துக் காலை வெயிலில் என்னை நிறுத்தினார்கள். தம்பி கையை விட்டான். நான் நின்றேன். ஓர் அடி வைத்தேன், எனக்காக. பிறகு மாரிமுத்துவுக்காக இரண்டு அடி வைத்தேன். பாவாயி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நடந்தாயிற்று. இனி வேண்டுதல். இப்போது ரகசியம் இல்லையே என்று பூசாரியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் தலையைச் சொறிந்தார். “பூ ஒண்ணு, கேட்டது ரெண்டு. ஆத்தா யாருக்குச் சொன்னான்னு நான் எங்க போய்க் கேக்கறது?” என்றார். உருளுவதற்குப் பதிலாக வேறு ஏதாவது செய்யலாமா என்றோம். அவர் மறுபடியும் பூப் போடலாம் என்றார். “வேண்டாமுங்க சாமி, ஒரு தடவை போட்டதே போதும்” என்று பாவாயி கும்பிட்டுவிட்டாள்.

டாக்டரிடம் காட்டப் போன அன்று அவளே கேட்டாள். கோயிலைச் சுற்றித் தரையில் உருண்டு வர வேண்டும், செய்யலாமா என்று. டாக்டருக்குப் புரியவில்லை. “உருளுவதா? மனிதன் எப்படி உருளுவான்?” என்றார். நான் வாயால் விளக்கப் பார்த்தேன், வரவில்லை. பாவாயி பொறுமை இழந்தாள். இத்தனை நாளாக என்னைப் புரட்டிய பெண் அல்லவா? நர்ஸம்மாக்களைக் கூப்பிட்டு என்னைத் தரையில் விரிப்பின் மேல் நேராகக் கிடத்தச் சொன்னாள். என் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கும்பிட்டபடி நீட்ட வைத்தாள். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்து ஒரே மூச்சில் உருட்டினாள். “இப்படித்தானுங்க. இதையேதான் கோயிலைச் சுத்திப் பண்ணோணும்.”

டாக்டர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். “அம்மா, இதைத்தானே நாங்கள் இங்கே தினமும் செய்தோம்! முதுகு வளையவில்லை, முறுக்கிக்கொள்ளவும் இல்லை. இதைச் செய்யலாம். குனிந்து வணங்குவதைத்தான் செய்யலாகாது.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. யோசித்துப் பாருங்கள். ஆத்தாள் முன்னால் குனிந்து தலை வணங்க என்னால் முடியாது. தரையில் சிந்திய விபூதியை எடுக்க முடியாது. மண்டி போட முடியாது. இந்த முதுகை வைத்துக்கொண்டு நான் செய்யக்கூடிய கும்பிடு ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதையே, என்ன ஆகப் போகிறது என்று எதுவும் தெரியாத என் மனைவி, ரயிலில் அழுதுகொண்டே வேண்டியிருக்கிறாள்.

பங்குனி நோம்பித் திருவிழாவுக்கு ஈர வேட்டியோடு கோயில் வாசலுக்குப் போனேன். பாவாயியும் தம்பியும் என்னைக் கட்டையாகச் சாய்த்துத் தரையில் கிடத்தினார்கள். கை குவித்தேன். உருட்டினார்கள். முகம் மண்ணுக்குப் போகும், வானத்துக்கு வரும். மண் வாசனை, மஞ்சள் தண்ணீர், வேப்பிலை. பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. “இடுப்பு முந்துது, இடுப்பு முந்துது.” கோயிலில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் அழுதேன். சிரித்துக்கொண்டும் இருந்தேன் என்று தம்பி சொல்கிறான்.

இப்போது எப்படி இருக்கிறேன் என்று கேட்பீர்கள். கவலை ஓட்டுவதில்லை, அது தம்பி பார்த்துக்கொள்கிறான். கம்பு அறுக்கிறேன், ஆள் உயரப் பயிர் என்பதால் நின்றே அறுக்கலாம். கடலைக்காய் பிடுங்க முடிவதில்லை. முதுகு வலிக்கவில்லை. மழை வந்தால் எலும்பு கொடுத்த கால்தான் வலிக்கிறது, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறதுபோல. ஆபரேஷன் பலித்ததா என்று கேட்டால் நடந்து காட்டுகிறேன். குனியச் சொன்னால் முடியாது என்கிறேன். மாரிமுத்துவிடம் கேட்டால் வேறு பதில் சொல்வார். அவருக்காகவும் வெள்ளிக்கிழமைதோறும் ஆத்தாளிடம் நிற்கிறேன். அவருடைய சாமி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

முன்பெல்லாம் ஆத்தாளிடம் ஒரு கோரிக்கை வைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறவன் நான். இப்போது நிற்பதே போதும் என்றிருக்கிறது. வெள்ளைப் பூ யாருடைய கேள்விக்கு வந்தது என்று பாவாயியும் நானும் இன்னும் சண்டை போடுகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று நான் கேட்டேன், போனேன். வீட்டில் வைத்துப் பார்த்தால் சரியாகுமா என்று அவள் கேட்டாள், வீட்டில்தான் எலும்பு முழுதாக ஒட்டியது. ஒரே பூவில் இரண்டு பேருக்கும் சரி என்று சொல்லிவிட்டாளோ என்னவோ. தெரியவில்லை. தெரியாமலே நம்புகிறேன்.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு கஷ்டம் இருந்தால் ஆத்தாளிடம் வாருங்கள், பயப்படாமல் கேளுங்கள். டாக்டரிடமும் போங்கள். புரியவில்லை என்றாலும் கேளுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். கோயிலில் என்னைப் பார்த்தால், எல்லோரும் விழுந்து கும்பிடும்போது ஒருவன் மட்டும் பனைமரம் மாதிரி விறைத்து நிற்பான். திமிர் பிடித்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். என் பக்கத்தில் ஒருத்தி எனக்கும் சேர்த்துக் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருப்பாள். என்ன கேட்கிறாள் என்று இப்போதெல்லாம் நான் முதலிலேயே விசாரித்துவிடுகிறேன்.